சக வீரர்களின் மனத்தை முதலில் வென்றவர்: பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் வாழ்க்கை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ஆம் தேதி அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டிகளில் களமிறங்கும் எல்லா வீரர்களின் சட்டையிலும் ஒரே எண் காணப்படும். அந்த எண் 42. மற்ற நாள்களில் எந்த அணியும் அதைப் புதிதாக ஒரு வீரருக்கு வழங்குவதில்லை. 1997-இல் அனைத்து அணிகளிலும் அந்த எண்ணுக்கு நிரந்தர ஓய்வு அளிக்கப்பட்டது. ஒரு தனிமனிதரின் நினைவாக ஒரு விளையாட்டு முழுவதும் ஓர் எண்ணை ஒதுக்கி வைத்தது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல் முறை.

அந்த எண்ணுக்கு உரியவர் ஜாக்கி ராபின்சன். 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, ஏறத்தாழ 60 ஆண்டுகளாக வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த முதல்நிலை பேஸ்பாலில் நுழைந்த கறுப்பின வீரர். எதிரணியை எதிர்கொள்வதற்கு முன்பே தம் சொந்த அணியினரை எதிர்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு நேர்ந்த விசித்திரமான நிலை. போட்டி என்பது என்ன, அணித்தோழமை என்பது என்ன என்ற இரு கேள்விகளுக்கும் அவரது பத்தாண்டு ஆட்ட வாழ்க்கை விடை தேடியது.

எளிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை

1919 ஜனவரி 31-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில், குத்தகை விவசாயக் குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளில் கடைசியாக ராபின்சன் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்ற பின், தாய் மாலி 1920-இல் பிள்ளைகளுடன் ரயிலேறி கலிபோர்னியாவின் பசடேனா நகருக்குக் குடிபெயர்ந்தார். வீட்டு வேலைகள் செய்து பிள்ளைகளை வளர்த்தார். வெள்ளையர்கள் வாழ்ந்த தெருவில் அவர்கள் வீடு வாங்கியபோது அண்டை வீட்டாரின் எதிர்ப்பு கிளம்பியது. மாலி பின்வாங்கவில்லை. தாயின் அந்த உறுதியே பிற்காலத்தில் மகனுக்கும் துணை நின்றது.

ஓட்டப் பந்தயமும் அந்த வீட்டில் இருந்தது. அண்ணன் மேக் ராபின்சன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெசி ஓவன்சுக்கு அடுத்தபடியாக வந்து வெள்ளிப் பதக்கம் வென்றவர். தம்பி ஜாக்கியோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, தடகளம் ஆகிய நான்கிலும் பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று விருதுபெற்ற முதல் மாணவர். அங்குதான் தம் வருங்கால மனைவி ரேச்சலைச் சந்தித்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்த ராபின்சன் 1943-இல் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1944 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஹூட் முகாமில், பேருந்தின் பின் இருக்கைக்குச் செல்லுமாறு ஓட்டுநர் கூறியபோது மறுத்தார். ராணுவப் பேருந்துகளில் இனப் பாகுபாடு கூடாது என்பது அப்போது விதியாகவே இருந்தது. இருந்தும் அவர் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஆகஸ்டில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் கௌரவமாகப் பணியிலிருந்து விலகினார். அநீதியைக் கண்டால் உடனே எதிர்த்து நிற்பது அவரது இயல்பு. அந்த இயல்பையே அடக்கி வைக்குமாறு கேட்கும் வாய்ப்பு ஒன்று அடுத்த ஆண்டு அவரைத் தேடி வந்தது.

அடக்கத்தின் விலை

1945-இல் ராபின்சன் கறுப்பினத்தவருக்கான தனி லீக்கில் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடிவந்தார். திறமையில் முதல்நிலை அணிகளுக்குச் சற்றும் குறையாத வீரர்கள் பலர் அந்த லீக்கில் இருந்தனர். நீண்ட பேருந்துப் பயணங்களும், உணவகங்களில் மறுக்கப்பட்ட உணவும் அவர்களது அன்றாடம். முதல்நிலை லீக்குகளில் அவர்களைத் தடுக்கும் எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. உரிமையாளர்களிடையே நிலவிய மௌன உடன்பாடே அந்தக் கதவை மூடி வைத்திருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, புரூக்ளினில் உள்ள தம் அலுவலகத்துக்கு ராபின்சனை வரவழைத்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீடித்த அச்சந்திப்பில், வசைபாடும் ரசிகராகவும், இடம் தர மறுக்கும் விடுதிப் பணியாளராகவும், ஆணிக் காலணியால் மிதிக்கும் எதிரணி வீரராகவும் ரிக்கி மாறி மாறி நடித்துக் காட்டினார். இவை அனைத்தையும் பதிலடி கொடுக்காமல் தாங்க முடியுமா என்பதே அவரது கேள்வி. திருப்பித் தாக்க அஞ்சும் ஒருவர்தான் வேண்டுமா என ராபின்சன் வினவினார். திருப்பித் தாக்காமல் இருக்கும் துணிவு கொண்டவரே தேவை என்றார் ரிக்கி. ராபின்சன் கோபப்பட்டால் கறுப்பின வீரர்கள் அனைவருக்கும் அந்தக் கதவு மீண்டும் பல ஆண்டுகளுக்கு மூடப்படும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ராபின்சன் ஒப்புக்கொண்டார்.

1946 பிப்ரவரியில் ரேச்சலை மணந்து, டாட்ஜர்சின் கிளை அணியான மான்ட்ரியல் ராயல்சில் சேர்ந்தார். புளோரிடாவில் நடந்த பயிற்சி முகாமில், அணியினர் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. உள்ளூர்க் கறுப்பினக் குடும்பம் ஒன்று இடமளித்தது. ஜாக்சன்வில் நகரில் அவர் ஆடவிருந்த ஆட்டம் ரத்துசெய்யப்பட்டு மைதானமே பூட்டப்பட்டது. ஏப்ரல் 18-ஆம் தேதி ஜெர்சி சிட்டியில் நடந்த முதல் ஆட்டத்தில் ஐந்து முறை மட்டைபிடித்து நான்கு வெற்றிகரமான அடிகள், அவற்றுள் ஒரு ஹோம் ரன், நான்கு ஓட்டங்கள் என அவர் விடையளித்தார். அந்தப் பருவத்தில் லீக்கின் மிகச் சிறந்த மட்டைவீச்சுச் சராசரியாக 0.349 எடுத்தார். கனடா ரசிகர்கள் அவரைத் தங்களவராகவே கொண்டாடினர்.

மனு எழுதிய சக வீரர்கள்

1947 வசந்த காலத்தில், ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்கு வரப்போகிறார் என்பது உறுதியானபோது, தென்மாநிலங்களைச் சேர்ந்த வீரர்கள் சிலர் அவருடன் ஆட மறுக்கும் மனு ஒன்றைத் தயாரித்தனர். ரசிகர்களின் பேரன்பைப் பெற்ற டிக்ஸி வாக்கர் அதில் முன்னணியில் இருந்தவர். செய்தி அறிந்த அணி மேலாளர் லியோ டுரோச்சர், பனாமாவில் தங்கியிருந்த இரவில் வீரர்களை எழுப்பிக் கூட்டம் நடத்தினார். அணியை வெல்ல வைக்கக்கூடிய எவரையும் தாம் ஆட வைக்கப்போவதாகவும், விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் தெளிவுபடுத்தினார். மனு அத்துடன் மடிந்தது.

கையெழுத்திட மறுத்தவர்களுள் முக்கியமானவர் பீ வீ ரீஸ். கென்டக்கி மாநிலத்தில், இன ஒதுக்கல் இயல்பென்று கருதப்பட்ட சூழலில் வளர்ந்தவர். போர்க்காலக் கடற்படைப் பணி முடிந்து கப்பலில் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான், டாட்ஜர்ஸ் ஒரு கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்த செய்தி அவரை எட்டியது. அந்தப் புதியவர் தாம் ஆடும் அதே இடத்தில், அதாவது ஷார்ட்ஸ்டாப் நிலையில் ஆடுபவர் என்பதையும் அறிந்தார். தமது வேலையைப் பறிக்கும் அளவுக்குத் திறமை அவருக்கு இருந்தால், அது அவருக்கே உரியது என்ற முடிவுக்கு ரீஸ் வந்தார். போட்டியைப் பற்றி ஒரு விளையாட்டு வீரர் கொள்ளக்கூடிய நேர்மையான எண்ணம் அதைவிட வேறொன்று இருக்க முடியாது.

1947 ஏப்ரல் 15-ஆம் தேதி எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு எதிராக ராபின்சன் முதல் பேஸ் காவலராகக் களமிறங்கினார். 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். அன்று அவரால் வெற்றிகரமான அடி எதுவும் அடிக்க இயலவில்லை. எனினும் எதிரணியின் தவறொன்றைப் பயன்படுத்தி பேஸை அடைந்து ஓர் ஓட்டம் எடுத்தார். டாட்ஜர்ஸ் 5-3 என வென்றது.

ஒரு வாரத்துக்குப் பின் பிலடெல்பியா பிலீஸ் அணி புரூக்ளினுக்கு வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மேனும் அவரது வீரர்களும் ராபின்சன் மட்டைபிடிக்க வந்தபோதெல்லாம் கேட்கக் கூசும் இனவசைகளை வீசினர். வாக்குறுதியை மீறி, எதிரணியின் முகாமுக்குள் புகுந்து அடித்துவிட்டு இந்தச் சோதனையையே கைவிட்டுவிடலாமா என்று அன்று தமக்குத் தோன்றியதாக ராபின்சன் பின்னர் எழுதினார். அவர் அடங்கி நின்றார். அவருக்குப் பதிலாக வெகுண்டெழுந்தவர் எடி ஸ்டாங்கி. திருப்பிப் பதில் சொல்ல முடியாத ஒருவரை வதைப்பது கோழைத்தனம் என்று எதிரணியைப் பார்த்து அவர் சீறினார்.

இதே ஸ்டாங்கி, ராபின்சன் அணிக்கு வந்த தொடக்கத்தில், அவரது வரவு தமக்குப் பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொன்னவர். மறைத்து வைப்பதைவிட வெளிப்படையாகச் சொல்வதே தமக்கும் உகந்தது என்று ராபின்சன் அதை ஏற்றுக்கொண்டார். பிடிக்காத ஒருவருக்காகவும் குரல் கொடுக்க வைக்கும் பிணைப்பு அணி என்பதற்குள் இருக்கிறது என்பதை அந்தப் பிலடெல்பியா ஆட்டம் காட்டியது. சாப்மேன் நினைத்ததற்கு நேர்மாறாக, பிரிந்து கிடந்த டாட்ஜர்ஸ் வீரர்களை அவரது வசைகளே ஒன்றுசேர்த்தன என்பது ரிக்கியின் கணிப்பு.

எதிரணியில் ஒரு நண்பர்

மே மாதத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வீரர்கள் சிலர் ராபின்சனுக்கு எதிராக ஆட மறுத்து வேலைநிறுத்தம் செய்யத் திட்டமிடுவதாகச் செய்தி வெளியானது. நேஷனல் லீக் தலைவர் ஃபோர்டு ஃபிரிக், அப்படிச் செய்பவர்கள் இடைநீக்கம் செய்யப்படுவார்கள் என எச்சரித்தார். ஆகஸ்டில் அதே அணியின் ஈனோஸ் ஸ்லாட்டர், முதல் பேஸை நோக்கி ஓடிவந்தபோது தமது ஆணிக் காலணியால் ராபின்சனின் காலை மிதித்தார். அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது ராபின்சனின் உறுதியான கருத்து. ஸ்லாட்டர் இறுதிவரை அதை மறுத்தார்.

எதிரணிகளில் எல்லோரும் அப்படி இல்லை. பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடிய ஹாங்க் கிரீன்பெர்க், தாம் யூதர் என்பதற்காக ஆட்டக்காலம் முழுவதும் வசை கேட்டவர். ஓர் ஆட்டத்தில் இருவரும் மோதிக்கொள்ள நேர்ந்த பின், அடிபட்டதா என்று விசாரித்து, மனம் தளராமல் தொடருமாறு ராபின்சனை ஊக்கப்படுத்தினார். அந்தக் கனிவை ராபின்சன் மறக்கவில்லை.

அந்தக் காலகட்டத்தின் மிகப் புகழ்பெற்ற நிகழ்வு ரீசுடன் தொடர்புடையது. வெளியூர் மைதானம் ஒன்றில் கூட்டத்தினர் ராபின்சனை ஏளனம் செய்தபோது, ரீஸ் நடந்து சென்று அவர் தோளில் கைபோட்டுப் பேசினார். அது 1947-இல் சின்சினாட்டியில் நடந்தது என்று சிலரும், 1948-இல் பாஸ்டனில் நடந்தது என்று சிலரும் நினைவுகூர்ந்துள்ளனர். அந்தச் செய்கையின் பொருளில் யாருக்கும் ஐயமில்லை. 2005-இல் புரூக்ளினின் கோனி தீவில் அந்தக் காட்சி சிலையாகவே நிறுவப்பட்டது.

முதல் பருவத்தின் முடிவில் ராபின்சனின் மட்டைவீச்சுச் சராசரி 0.297. லீக்கிலேயே அதிகமாக 29 பேஸ்களைத் திருடியிருந்தார். பந்தெறிபவர் பந்தை வீச முனையும் கணத்தில் ஓடி அடுத்த பேஸைக் கைப்பற்றும் துணிகர உத்தியே பேஸ் திருடுதல். பேஸில் அவர் நின்று அசைந்தாலே பந்தெறிபவரின் கவனம் சிதறியது. அவருக்குப் பின் மட்டைபிடித்த சக வீரர்கள் அதன் பலனை அறுவடை செய்தனர். ஆண்டின் சிறந்த புதுமுக வீரருக்கான விருது அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் வீரர் ராபின்சன். டாட்ஜர்ஸ் லீக் பட்டத்தை வென்றது. புரூக்ளின் மைதானத்துக்கு அந்தப் பருவத்தில் 18 லட்சம் பேர் வந்தனர். பருவம் முடிந்ததும் வாக்கர் பிட்ஸ்பர்க் அணிக்கு மாற்றப்பட்டார். அந்த மனுவுக்காகப் பிற்காலத்தில் அவர் வருந்தினார்.

கட்டு அவிழ்ந்த பின்

1948-இல் ராய் கேம்பனெல்லாவும் 1949-இல் டான் நியூகோம்பும் டாட்ஜர்சில் சேர்ந்தனர். அமெரிக்கன் லீக்கில் லாரி டோபி 1947 ஜூலையிலேயே கிளீவ்லாந்து அணிக்கு ஆடத் தொடங்கிவிட்டார். தனிமை குறைந்தது. ரிக்கிக்கு அளித்த அமைதி வாக்குறுதியிலிருந்தும் ராபின்சன் விடுவிக்கப்பட்டார். அதன்பின் வெளிப்பட்டவர்தான் உண்மையான ராபின்சன். நடுவர்களுடன் வாதிட்டார், வசைக்கு வசை தந்தார், எதிராளிகளைச் சீண்டினார். அமைதியாக இருந்தபோது பாராட்டிய நாளேடுகளில் சில, இப்போது அவரை வம்புக்காரர் என்றன. பிற வீரர்கள் செய்தால் போட்டி மனப்பான்மை எனப் போற்றப்படுவது, கறுப்பினத்தவர் செய்தால் திமிர் ஆகிவிடுவதை அவர் சுட்டிக்காட்டத் தயங்கவில்லை.

1949-இல் 0.342 சராசரியுடன் லீக்கின் மட்டைவீச்சு முதலிடம், 37 பேஸ் திருட்டுகள், மிகுமதிப்பு வீரர் விருது என அவரது ஆட்டம் உச்சத்தைத் தொட்டது. 1951 பருவத்தின் கடைசி நாளில் பிலடெல்பியாவுக்கு எதிராக 12-ஆவது சுற்றில் பாய்ந்து பிடித்த பந்தாலும், 14-ஆவது சுற்றில் அடித்த ஹோம் ரன்னாலும் அணியைக் காப்பாற்றினார். மூன்று நாள் கழித்து, ஜயன்ட்ஸ் அணியின் பாபி தாம்சன் கடைசிச் சுற்றில் அடித்த ஹோம் ரன் டாட்ஜர்சின் கனவைத் தகர்த்தது. சக வீரர்கள் தலைகுனிந்து வெளியேறத் தொடங்கியபோதும், தாம்சன் ஒவ்வொரு பேஸையும் சரியாக மிதிக்கிறாரா என்று கடைசி வரை நின்று பார்த்தவர் ராபின்சன். தோல்வி உறுதியாகும் வரை போட்டி முடிவதில்லை என்பது அவர் கொள்கை.

முடிந்த பின் அதை ஏற்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1952 உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் தோற்றதும், யாங்கீஸ் அணியின் உடைமாற்றும் அறைக்கே சென்று இளம் வீரர் மிக்கி மேன்டிலுக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். அந்தப் பெருந்தன்மை மேன்டிலின் நினைவில் நெடுங்காலம் நின்றது.

கறுப்பின அணித்தோழர்களுடனும் அவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. சாந்தமான கேம்பனெல்லா, ஆட்டத்தின் மூலம் பேசினால் போதும் என்று நம்பியவர். ஆட்டம் மட்டும் போதாது, வாய்திறந்தும் பேச வேண்டும் என்றார் ராபின்சன். ஒரே அணி, ஒரே ஒடுக்குமுறை என்ற போதிலும் இருவரின் வழிகள் வேறாக இருந்தன.

1955-இல் 36 வயதான ராபின்சனின் சராசரி 0.256 ஆகச் சரிந்தது. ஆயினும் யாங்கீஸ் அணிக்கு எதிரான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், இறுதிப் பேஸையே திருடி ஓட்டம் எடுத்தார். பந்து பிடிப்பாளர் யோகி பெர்ரா அந்தத் தீர்ப்பை வாழ்நாள் முழுவதும் ஏற்கவில்லை. ஐந்து முறை யாங்கீசிடம் இறுதித் தொடரில் தோற்றிருந்த புரூக்ளின், அவ்வாண்டு தன் முதல் உலகத் தொடரை வென்றது. அணி புரூக்ளினில் இருந்த காலத்தில் அதுவே ஒரே வெற்றியும் ஆனது.

1956 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் ஓட்டமின்றி பத்தாவது சுற்று வரை சென்றது. ராபின்சன் அடித்த பந்து இடப்புறக் காவலரின் தலைக்கு மேல் பறந்து விழ, டாட்ஜர்ஸ் 1-0 என வென்றது. அந்தக் காவலர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் காலை மிதித்த அதே ஸ்லாட்டர். அவர் அப்போது யாங்கீசுக்கு ஆடிக்கொண்டிருந்தார். மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் தோற்றது. டிசம்பரில் நிர்வாகம் ராபின்சனைப் பரம எதிரியான ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றியது. அவர் ஏற்கெனவே ஓய்வு பெற முடிவெடுத்து, காபி நிறுவனம் ஒன்றில் துணைத் தலைவர் பொறுப்பை ஏற்றிருந்தார். பத்து பருவங்கள், ஆறு லீக் பட்டங்களுடன் ஆட்டம் முடிந்தது. 1962-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பின வீரர் ஆனார்.

களத்துக்கு வெளியே

ஓய்வுக்குப் பின் குடியுரிமை இயக்கத்துக்கு நிதி திரட்டினார். 1963 வாஷிங்டன் பேரணியில் குடும்பத்தினருடன் பங்கேற்றார். 1964-இல் ஹார்லெம் பகுதியில் கறுப்பினத்தவருக்கான ஃப்ரீடம் நேஷனல் வங்கியைத் தொடங்கியவர்களுள் ஒருவராக இருந்தார். 1960 அதிபர் தேர்தலில் நிக்சனை ஆதரித்தது உள்ளிட்ட அவரது அரசியல் முடிவுகள் கறுப்பினத்தவரிடையேயே விமர்சனத்துக்கு உள்ளாயின. 1949-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் பாடகர் பால் ராப்சனின் கருத்துக்கு எதிராகச் சாட்சியம் அளித்ததைப் பிற்காலத்தில் மறுபரிசீலனை செய்தார். ராப்சன் மீது தமக்கு மதிப்பு கூடியிருப்பதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்தார்.

வீட்டிலும் துயரம் காத்திருந்தது. வியட்நாம் போரில் காயமுற்றுத் திரும்பிய மூத்த மகன் ஜாக்கி ஜூனியர் போதைப் பழக்கத்துக்கு ஆளாகி, அதிலிருந்து மீண்ட நிலையில், 1971 ஜூனில் கார் விபத்தில் உயிரிழந்தார். நீரிழிவு ராபின்சனின் பார்வையை ஏறத்தாழப் பறித்திருந்தது. இதயமும் தளர்ந்திருந்தது.

1972 அக்டோபர் 15-ஆம் தேதி சின்சினாட்டியில் உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்துக்கு முன், அவரது வருகையின் 25-ஆம் ஆண்டு நினைவாகப் பாராட்டு விழா நடந்தது. நன்றி கூறிய கையோடு, மேலாளர் பொறுப்பில் ஒரு கறுப்பின முகத்தையும் காணும் நாளே தமக்கு மேலும் பெருமை தரும் என்று அவர் நாடறியச் சொன்னார். கௌரவம் பெறும் மேடையிலும் மீதமிருக்கும் வேலையை நினைவூட்டினார். ஒன்பது நாள்களுக்குப் பின், அக்டோபர் 24-ஆம் தேதி, கனெடிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். வயது 53. அவர் விரும்பிய மாற்றம் 1975-இல், பிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து அணியின் மேலாளரானபோது நிகழ்ந்தது.

நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவரது உடல் புரூக்ளினின் சைப்ரஸ் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில், மகனின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது. சவப்பெட்டியைத் தாங்கிய தோள்களில் கறுப்பின வீரர்களான நியூகோம்ப், டோபி, கூடைப்பந்து வீரர் பில் ரசல் ஆகியோருடையவை இருந்தன. டாட்ஜர்சின் வெள்ளையினப் பந்தெறிபவர் ரால்ஃப் பிராங்காவும், கென்டக்கியில் இருந்து வந்த பீ வீ ரீசும் அவர்களோடு சேர்ந்து சுமந்து நடந்தனர்.